அப்பா மறுத்த மாற்றல்

தாவணகெரே
14-6-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

வனமாலா நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். ஹுலிகட்டேயில் மழை பிடித்துவிட்டதா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

பி.எஸ்ஸி. முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. அம்மா பேப்பரை வாங்கி என் நம்பரை மூன்று தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரப்பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சாப்பிட்டோம்.

இன்னொரு சேதி. போன திங்கட்கிழமையிலிருந்து டாக்டர் கொட்ரேஷின் கண் கிளினிக்கில் வேலைக்குப் போகிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, எத்தனை வரி தெரிகிறது என்று எழுதித் தர வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் ஹரிஹரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். "மேல் எழுத்துகூடத் தெரியலையே தாயி" என்றாள். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டேன். எல்லாவற்றுக்கும் "தெரியல" என்றே பதில். எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிட எழுந்தபோது, "அந்தப் பல்லிக்கு வால் எங்க போச்சு?" என்று கேட்டாள். பலகைக்கு மேலே மூலையில் சுண்டுவிரல் அளவு பல்லி. எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

அவளுக்குத் தூரப் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை அப்பா. படிக்கத் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கண் தெரியாதவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டாள். பலகையின் மறுபக்கத்தில் எழுத்துக்குப் பதில், ஒரு பக்கம் மட்டும் திறந்த கட்டம் போலக் கோடு போட்ட படங்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையைக் காட்டினால் போதும். திருப்பி மாட்டினேன். கடைசி வரிவரை பிசகாமல் காட்டினாள். ஊசி கோக்க மட்டும்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

அன்று முழுக்க அவள் நினைவாகவே இருந்தேன். ஒன்றைச் சொல்லாமலிருக்க மனுஷர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள்.

நீங்கள் விசாரித்ததாக அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
வனமாலா


ஹுலிகட்டே முகாம்
2-7-1993

சிரஞ்சீவி வனமாலாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

நான் சுகம். முழங்கால் பரவாயில்லை. நீங்கள் இருவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதல் வகுப்பு சேதி படித்து மிகுந்த சந்தோஷம். முகாமில் இருக்கிற நான்கு பேருக்கும் சேமியா பாயசம் வைத்தேன். சர்க்கரை கூடிவிட்டது என்றார்கள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

மழை நன்றாகப் பிடித்துவிட்டது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆற்று மட்டம் 4.20 மீட்டர். நண்பகல் 4.65. மாலை ஆறுக்கு 5.10. இனி செப்டம்பர் வரை மணிக்கு ஒருமுறை போய் அளவுகோலைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியிருக்கும். கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

ஹரிஹர் அம்மாளுக்குப் பலகையைத் திருப்பி மாட்டியது நல்ல காரியம்.

சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாகிவிட்டதா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் கேட்டதாக அம்மாவிடம் சொல்.

அப்பா


தாவணகெரே
25-7-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

வனமாலாவின் நமஸ்காரங்கள். இருவரும் சுகம். ஓடு மாற்றிவிட்டோம், அம்மாவே ஏணி வைத்து ஏறி மாற்றினாள். இருமல் இல்லை. நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "ம்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதி ஹசீனா வீட்டில் சாப்பிட்டேன். அவள் அப்பா ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, "ஊர்ல இருக்கிற உப்பெல்லாம் இன்னிக்கு நம்ம வீட்டுக்கேவா?" என்றார். அவள் அம்மா, "நாக்கு செத்தவருக்கு அது ஒண்ணாவது தெரிஞ்சுதே" என்றார். அப்புறம் அவருடைய தங்கை, இவருடைய தம்பி, எப்போதோ வாங்காமல் விட்ட ஒரு பீரோ என்று பத்து நிமிஷம் சண்டை. நான் பயந்துபோய்த் தட்டைத் தள்ளி வைத்தேன். "நீ சாப்பிடுடி, இது தினம் நடக்கிறதுதான்" என்றாள் ஹசீனா. கடைசியில் அவர், "சரி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்று தட்டை நீட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திரும்பி நடந்து வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறீர்கள். ஐந்து நாள் இருக்கிறீர்கள். "வனு, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்பாள் அம்மா. நீங்கள் அடுத்த அறையில்தான் இருப்பீர்கள், காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பீர்கள். "வெந்நீர் இருக்கான்னு அம்மாவைக் கேளு" என்பீர்கள். அம்மா அடுப்புக்கு எதிரில்தான் நிற்பாள். நான் நடுவில் நின்று, இரண்டு பேருக்கும் கேட்டதையே இரண்டு பேருக்கும் மறுபடி சொல்வேன். எல்லா வீட்டிலும் அப்பா அம்மா இப்படித்தான் என்று இத்தனை வயசு வரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஹூப்ளியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்கு இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறதாம். "உனக்குப் பொறுமை இருக்கு, போய்ப் படி. நான் எழுதித் தரேன்" என்றார் டாக்டர். அக்டோபர் நாலாம் தேதி சேர வேண்டும். ஹாஸ்டலில் தங்க வேண்டும். அம்மாவிடம் சொன்னதும், நான் முடிப்பதற்குள் "போ" என்றாள். கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போய்விட்டால் இந்த வீட்டில் அம்மா யாரோடு பேசுவாள்? நீங்கள் இந்த ஊர் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டுப் பாருங்கள் அப்பா. எங்களை விட்டுப் பதினாறு வருஷம் முகாமிலேயே இருந்துவிட்டீர்கள். கேட்டால் கொடுக்கமாட்டார்களா?

பதிலை எதிர்பார்க்கும்,
வனமாலா


ஹுலிகட்டே முகாம்
16-8-1993

சிரஞ்சீவி வனமாலாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பாலம் நீரில் மூழ்கிவிட்டது. தபால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆள் மலை சுற்றி நடந்து வருகிறார். போன வியாழக்கிழமை ஆறு 8.90 வரை வந்தது. நான் இங்கே வந்த பிறகு இது இரண்டாவது பெரிய வெள்ளம்.

நீ கட்டாயம் படிப்பில் சேர வேண்டும். அதில் இரண்டு பேச்சு வேண்டாம். போர்வையும் பூட்டும் நல்லதாக வாங்கிக்கொள்.

மாற்றல் என்பது நம் கையில் இல்லை. மேலே இருப்பவர்கள் பார்த்துக் கொடுப்பது. சந்தர்ப்பம் வந்தால் கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மா ஏணியில் ஏறியது சரியில்லை. இனி ஆளைக் கூப்பிடச் சொல்.

அப்பா


தாவணகெரே
27-8-1993

அப்பாவுக்கு,

நேற்றுக் கிளினிக்குக்குச் சிவலிங்கையா என்று ஒருவர் வந்தார். உங்கள் ஆபீஸின் இந்த ஊர்க் கிளையில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். என் பெயரைக் கேட்டுவிட்டு, "நீ ருத்ரமூர்த்தி மகளா? மனுஷன் இன்னும் அந்தக் காட்டுலயேதான் கெடக்கானா?" என்றார்.

"மாத்தல் கிடைக்கலையே சார்" என்றேன்.

"கிடைக்கலையா? ரெண்டு ஆர்டரையும் நான்தானே தாயி டைப் அடிச்சேன். எண்பத்தேழுல ஒண்ணு, தொண்ணூத்தொண்ணுல ஒண்ணு. ரெண்டும் இதே ஊருக்கு. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான். ஊருக்கு வர அவனவன் தவம் கெடக்கிறான், இவனுக்கு என்னன்னு நாங்க பேசிக்குவோம்."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. பலகையில் மூன்று வரிதான் படித்தார். நான்கு என்று தப்பாக எழுதிவிட்டு, அப்புறம் அடித்துத் திருத்தினேன்.

எண்பத்தேழில் எனக்குப் பதினைந்து வயசு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு அப்பாவை அழைத்து வா என்றபோதெல்லாம், "அப்பாவுக்கு மாத்தல் கிடைக்கலை டீச்சர்" என்றுதான் சொன்னேன். உங்களிடமிருந்து கற்றுக்கொண்ட வாக்கியம் அது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

வனமாலா


தாவணகெரே
11-9-1993

அப்பாவுக்கு,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. மழையில் தபால் தாமதமா, நீங்கள் எழுதவில்லையா என்று தெரியவில்லை. பத்தொன்பதாம் தேதி கணேச பண்டிகை. வருகிறீர்களா என்று அம்மா கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

டாக்டரிடம் படிப்புக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். "இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு, யோசி" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. வர வேண்டியவர் வரமாட்டார் என்றால், இருக்கிறவள் இருந்துதானே ஆக வேண்டும்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்காமல் விட்டது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வனமாலா


ஹுலிகட்டே முகாம்
13-9-1993

சிரஞ்சீவி வனமாலாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் 27-ஆம் தேதிக் கடிதம் ஏழாம் தேதிதான் கைக்கு வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இதை எப்படியும் அனுப்பிவிடுவேன்.

சிவலிங்கையா சொன்னது உண்மை.

உன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று அவள் அப்பாவிடம் சொன்னவன் நான். சொன்ன நாலாம் மாதம் முகாமுக்கு உத்தரவு வந்தது. வீட்டில் தனியாக விட முடியாது என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் கேட்கவில்லை. அந்த இடம் போயிற்று. ஆறு வருஷத்தில் நான்கு முகாம். நீ அங்கேதான் பிறந்தாய். அவள் ஒரு நாளும் சண்டை போடவில்லை. பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் தாவணகெரேக்குப் போனீர்கள். நான் முகாமில் தங்கிவிட்டேன்.

எண்பத்தேழு ஜூனில் முதல் ஆர்டர் வந்தது. நேரில் சொல்லலாம் என்று, கடிதம் எழுதாமல் கிளம்பி வந்தேன். வாசலில் நின்றபோது மத்தியானம் மூன்று மணி. உள்ளே நீயும் அம்மாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது. உன் அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூச்சு வாங்கச் சிரித்தாள். கொஞ்ச நேரம் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். பிறகு கதவைத் தட்டினேன். சிரிப்பு அந்த நொடியே நின்றுவிட்டது. அம்மா வந்து திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "வனு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்றாள்.

நான் அந்த வீட்டுக்குள் வந்தால் அந்தச் சத்தம் இருக்காது என்று தெரிந்துபோயிற்று. ஆர்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். தொண்ணூற்றொன்றிலும் அதே காரணம்தான்.

இதில் அம்மாவின் தப்பு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் இடம் என்னால் போயிற்று. உன் இடமும் என்னால் போனது என்று ஆக்கிவிடாதே.

பண்டிகைக்கு வர முடியாது. ஆறு இன்னும் இறங்கவில்லை. 6.30.

அப்பா


தாவணகெரே
22-9-1993

வனுவின் அப்பாவுக்கு,

நீலம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா?

உங்கள் கடிதத்தை வனு என் தலையணை மேல் வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விட்டாள். எனக்கு எழுதியது இல்லை என்று தெரிந்தேதான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று சொல்கிறேன். நீங்கள் விட்டுப்போன பழைய காக்கி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, குடையை அளவுகோலாகத் தரையில் ஊன்றி, நீங்கள் குனிந்து பார்ப்பது போலக் குனிந்து, "நாலு புள்ளி ரெண்டு பூஜ்யம்" என்று உங்கள் குரலில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். வனு தரையில் உருண்டு சிரித்தாள். அந்த நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்களே நிற்கிறீர்கள். கோட்டைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் திணித்துவிட்டு ஓடி வந்து திறந்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல முகம் எரிந்தது. உங்களை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்ததால்தான் வனுவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

அதற்காக நீங்கள் நினைத்தது முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். படிப்பு போன கோபம் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் வந்து போகிற ஐந்து நாளும் அதைத்தான் உங்கள் தட்டில் பரிமாறினேன். ஆனால் மாற்றல் வந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வாருங்கள் என்றோ வராதீர்கள் என்றோ நானே சொல்லியிருப்பேன். படிப்புக்கு ஒரு தடவை, மாற்றலுக்கு இரண்டு தடவை. மூன்று தடவை நீங்களே எனக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல மனசோடு செய்தீர்கள் என்பது தெரிகிறது. அதனால் அது சின்னதாகிவிடாது.

வனு படிப்பில் சேருகிறாள். நான் டாக்டரைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டேன். "நீ தனியா எப்படிம்மா இருப்பே?" என்று அழுதாள். "தனியா இருக்கிறதுல உங்கப்பாவை விட நான் தேறினவடி" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நாலாம் தேதி நானே கொண்டுபோய் விடுகிறேன்.

நீலம்மா


ஹூப்ளி
2-11-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

வனமாலாவின் நமஸ்காரங்கள். நான் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஆறு இறங்கிவிட்டதா?

வந்து ஒரு மாதம் ஆகிறது. அறையில் மூன்று பேர். காலையில் குளிக்க வரிசை. வாளியை வைத்து இடம் பிடித்தால், அதை நகர்த்திவிட்டுத் தன் வாளியை வைக்கிறாள் ஒருத்தி. முதல் வாரம் பேசாமலிருந்தேன். இரண்டாம் வாரம், "இது என் இடம், தள்ளிக்கோ" என்றேன். தள்ளிக்கொண்டாள். இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இங்கே யாரும் என்னை யாரையும் கூப்பிடச் சொல்வதில்லை. யார் சொன்னதையும் நான் யாரிடமும் கொண்டுபோக வேண்டியதில்லை. சாயங்காலம் அது ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. பிறகு, அந்த வெறிச்சோடின இடத்தில் எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இதுவரை யோசித்ததில்லை. சாலையோர மரத்தடியில் ஒருவர் பழைய புத்தகம் விற்கிறார். அங்கே போய் நிற்கப் பிடிக்கிறது. சாம்பாரில் வெல்லம் போட்டால் பிடிக்கவில்லை. இருபத்தொரு வருஷம் தின்றுவிட்டு இப்போதுதான் தெரிகிறது.

அம்மா உங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னாள். என்ன எழுதினாள் என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால், அம்மா கொடியில் துணி எடுக்கப் போனாள். ஈரத் துணியை.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் வந்து பார்க்கலாம். பதினொரு மணிக்கு வாருங்கள். வராமலிருக்கக் காரணம் தேடாதீர்கள். ஆறு இறங்கியிருக்கும்.

வனமாலா


ஹூப்ளி
1-12-1993

அன்புள்ள அம்மாவுக்கு,

வனு எழுதுவது. நான் சுகம். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் இடம் கிடைத்ததா?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ஹாஸ்டலுக்கு வருவார் என்று உனக்குச் சொல்லவில்லை. நீ வருவாய் என்று அவருக்கும் சொல்லவில்லை. செய்தது தப்புதான். ஆனால் வருத்தப்படவில்லை.

கதவருகே அப்பா வந்து நின்றதும் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வனு, அப்பாவை உக்காரச் சொல்லு" என்றாய். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உக்காருங்கப்பா" என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கம். அதை விழுங்கிக்கொண்டு, "டீ வாங்கிட்டு வரேன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

டீக்கடை எதிரில்தான். ஐந்து நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் நின்றேன். கடைக்காரர், "யாருக்காக நிக்கறீங்கம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஜன்னல் வழியாக உன் முதுகும் அப்பாவின் கையும் மட்டும் தெரிந்தன. முதலில் ரொம்ப நேரம் கை அசையவே இல்லை. உள்ளே ஓடி வந்து ஏதாவது பேசிவிடலாமா என்று இருந்தது. பேசினால் மறுபடியும் என் வழியாகத்தான் பேசுவீர்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கை அசைந்தது.

நான் உள்ளே வந்தபோது நீ மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "முகாமுக்கு எல்லாப்பூர்ல மாறாம நேரா போற பஸ் ஒண்ணு இருக்கு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த பஸ்ஸை நம்பித்தான் ஆறு வருஷம் ரோட்டோரம் நின்னேன். எனக்குச் சொல்ல வேணாம்" என்றாய் நீ. "இப்ப டிரைவர் மாறியாச்சு." "பஸ் மாறுச்சா?" நான் மூன்று டம்ளரோடு வந்து நின்றதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

வனு


தாவணகெரே
22-12-1993

வனுவுக்கு அம்மாவின் ஆசி.

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடு. சாம்பாரில் வெல்லம் பிடிக்காது என்று எனக்குச் சொல்லாமல் உன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். அவர்தான் சொன்னார்.

டீ வாங்க முக்கால் மணி நேரம் ஆகாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கேட்கமாட்டேன் என்றாய், ஆகவே சொல்கிறேன். அவர்தான் முதலில், "என்னை மன்னிச்சிரு" என்றார். "இருபத்திரண்டு வருஷம் கழிச்சா?" என்றேன். "எழுத்துல வேணும்னா எழுதித் தரேன்" என்றார். ஆபீஸ் புத்தி. என் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். எழுதி ஒட்டி விலாசமும் எழுதிய கவர்கள் ஐந்து. ஒன்றையும் தபால் பெட்டியில் போடவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்தையும் படித்தேன். பாதி ஆற்றைப் பற்றி.

ஜனவரி பதினோராம் தேதி ஹுலிகட்டேக்குப் போகிறேன். அவர் கூப்பிடவில்லை, நான்தான் வருகிறேன் என்றேன். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். தங்கிவிடுவேன் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

அம்மா


ஹுலிகட்டே முகாம்
15-1-1994

சிரஞ்சீவி வனமாலாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

நான் சுகம். அம்மாவும் சுகம். அவள் சுகம் என்பதை நேரில் பார்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நேர் பஸ்ஸில்தான் வந்தாள். ஒன்றரை மணி தாமதம். இறங்கியதும் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. ஆறு இப்போது 1.15. பாறையெல்லாம் வெளியே தெரிகிறது. தினம் சாயங்காலம் அளவு பார்க்க அவளும் வருகிறாள். நான் படித்துச் சொன்னால், குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். முகாமில் இருப்பவர்களின் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். நான் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் எப்படிப்பட்ட டீச்சராக இருந்திருப்பாள் என்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொள்வது சுலபமாக இல்லை.

மீதியைத் தானே எழுதுவதாகச் சொல்லிப் பேனாவைக் கேட்கிறாள்.

வனு, அம்மா எழுதுகிறேன். சமையல் இவருக்கு நன்றாகவே வருகிறது, இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறார். நேற்று நன்றாகவே சண்டை போட்டோம். பழைய விஷயம். முகாமில் எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். காலையில் அவரே காபி போட்டு, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

நாளைக்குக் கிளம்புகிறேன். மாற்றல் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே. உகாதிக்கு அவர் வருவார், பத்து நாள் இருப்பார். அதற்கப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது. தெரியாமலிருப்பது இந்தத் தடவை கஷ்டமாக இல்லை.

ஒரு விஷயம். இனிமேல் எனக்குத் தனியாக எழுது, அவருக்குத் தனியாக எழுது. அவர் கேட்டதாக என்னிடம் சொல்லாதே. நான் சொன்னதை அவருக்கு எழுதாதே. நாங்கள் சுகமா என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம். பேச்சு வந்த நாளிலிருந்து நீ எங்களுக்குத் தபால் சுமந்தாய், போதும். இறக்கி வைத்துவிட்டு உன் வேலையைப் பார். யாருக்கு எந்தக் கண்ணாடி என்று பார்.

அம்மா

படித்தேன். அவள் எழுதியது சரி.
அப்பா